உறைந்த கடலுக்குள் ஒண்டுக்குடித்தனம்

கடல் நீர் உறைந்து பனிக்கட்டியாகிறது என்றால், அதிலிருந்த உப்பு எங்கே போகிறது?

பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற கேள்வி போலத் தோன்றும். ஆனால் வட துருவத்திலும் தென் துருவத்திலும் கோடானுகோடி உயிர்கள் பிழைப்பதும் மடிவதும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் அடங்கியிருக்கிறது.

நல்ல தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைந்துவிடும். கடல் நீருக்கு அது போதாது. ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி வரை குளிர்ந்தால்தான் உறையும். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு கலந்திருப்பதே காரணம். அப்படி உறையும்போது பனிப் படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு, உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட உப்பில் ஒரு பகுதி கீழே கடலுக்குள் வடிந்துவிடும். மீதி, கெட்டியான உப்புக் கரைசலாகப் படிகங்களுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்.

தூத்துக்குடி உப்பளத்தில், பாத்தியில் பாய்ச்சிய கடல் நீரை வெயில் சுண்ட வைக்கிறது. துருவத்தில் அதே வேலையைக் குளிர் செய்கிறது. மைனஸ் 10 டிகிரியில் பனிக்குள் சிக்கிய கரைசல், சாதாரணக் கடல் நீரைப் போல் நாலு மடங்கு உப்பாக இருக்கும். மைனஸ் 20 டிகிரியில் ஆறு மடங்கு. அவ்வளவு உப்பு இருப்பதால்தான் அந்தக் கரைசல் அந்தக் குளிரிலும் முழுவதும் உறையாமல் திரவமாகவே நிற்கிறது.

ஆகவே, வெள்ளைப் பாறைபோல் கண்ணுக்குத் தெரிகிற கடற்பனி, உண்மையில் கெட்டியான பாறை அல்ல. அதற்குள் தலைமயிரை விட மெல்லிய சந்துகளும், பென்சில் நுழைகிற அளவுக்குக் குழாய்களும், குமிழ் போன்ற அறைகளும் ஓடுகின்றன. அவற்றில் உப்புக் கரைசல். அந்தக் கரைசலில் பாக்டீரியா. ஒன்றிரண்டு அல்ல, ஒரு மில்லி லிட்டரில் லட்சக்கணக்கில். பாசி செழித்த இடமானால் அது ஒரு கோடியையும் எட்டும்.

மாடிக்கு மாடி வேறு ஆள்

இந்தப் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துவிடக் கூடாது. விஞ்ஞானிகளை வியப்பில் ஆழ்த்தியதே அவற்றின் வகைகள்தான். காரணம், வீட்டின் அமைப்பு.

ஒரு குளிர்காலத்தில் உருவாகும் கடற்பனி ஒன்று முதல் இரண்டு மீட்டர் கனம் இருக்கும். அதன் மேல்தளத்தில் துருவக் காற்று வீசுகிறது. உஷ்ணநிலை மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரிக்குப் போய்விடும். அடித்தளம் கடலைத் தொட்டுக்கொண்டிருப்பதால், அங்கே மைனஸ் 1.8 டிகிரிக்குக் கீழே போவதே இல்லை. ஓர் ஆள் உயரத்துக்குள் இத்தனை வித்தியாசம். மேலே போகப் போகக் குளிர் அதிகம், உப்பு அதிகம், இடம் குறைவு. கீழே வர வர இதமான குளிர், அளவான உப்பு, தாராளமான அறைகள். போதாக்குறைக்கு, அடியில் கடல் நீர் வந்து போவதால் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை.

திருவல்லிக்கேணி ஸ்டோர் வீட்டையோ பம்பாய்ச் சால் கட்டடத்தையோ நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். ஒரே கூரைக்குக் கீழே பல குடித்தனம்; ஒவ்வோர் அறையின் சௌகரியமும் வேறு; அதற்கேற்ற ஆட்கள் அங்கே. கீழ்த்தளத்தில்தான் கூட்டம். மேல்தளத்தில், எதையும் தாங்கக்கூடிய சிலர் மட்டும்.

குடிவருவதும் விசித்திரமான முறையில்தான். இலையுதிர் காலத்தில் கடல் உறையத் தொடங்கும்போது, முதலில் ஊசியும் தட்டுமாகச் சிறு படிகங்கள் நீரில் தோன்றி மேலே மிதந்து வருகின்றன. வரும் வழியில் பாசியையும் பாக்டீரியாவையும் வலை போட்டது போல் அள்ளிக்கொண்டு வருகின்றன. ஆகவே, புதுப் பனியில் இருப்பவை கடல் நீரில் இருக்கிற அதே கூட்டம்தான். இருண்ட குளிர்காலம் முழுவதும் அதில் பெரிய மாற்றம் ஏற்படுவதில்லை. வசந்தத்தில் சூரியன் தலை காட்டியதும் நிலைமை மாறுகிறது. பனியின் அடிப்பாகத்தில் டயாட்டம் என்னும் பாசிகள் பெருகி, பனியே பழுப்பு நிறமாகிவிடும். பாசி கசியவிடும் சர்க்கரைச் சத்தை உண்டு வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் அப்போது மளமளவென்று பெருகி, பழைய கூட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. திறந்த கடலில் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் பெலாஜிபாக்டர் போன்ற மிகச் சிறிய பாக்டீரியாக்கள் பனிக்குள் ஒடுங்கிப்போக, போலாரிபாக்டர், கோல்வெல்லியா, கிளேஸியேகோலா போன்ற பெயர் கொண்டவை ஆட்சிக்கு வருகின்றன.

எண்ணிப் பார்த்தவர்கள்

பனியில் உயிர் இருக்கிறது என்ற செய்தி புதிதல்ல. 1841-லேயே ஜெர்மன் விஞ்ஞானி எரென்பெர்க், ஆர்க்டிக் கடற்பனியில் டயாட்டம் பாசிகளைக் கண்டு எழுதிவைத்தார். சில ஆண்டுகளில், ராஸ் என்பவர் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த தாவர நிபுணர் ஹூக்கர், தென் துருவக் கடலிலும் அவை இருப்பதை எழுதினார். பாக்டீரியாவின் முறை வர இன்னும் தாமதமாயிற்று. 1911-ல் மாஸன் தலைமையில் அண்டார்டிகா சென்ற ஆஸ்திரேலியக் குழுவின் வைத்தியர் மக்லீன், பனியையும் உறைபனியையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, பாக்டீரியா இருப்பதைப் பதிவு செய்தார். காற்றில் சூறாவளி வேகத்துக்குப் பெயர்போன இடம் அவர் இருந்த முகாம். அந்த நிலையிலும் ஒரு மனிதர் பாக்டீரியாவைத் தேடியிருக்கிறார் என்பதே பெரிய காரியம்.

ஆனால் இருக்கிறது என்று சொல்வது வேறு. எத்தனை, என்னென்ன என்று சொல்வது வேறு. தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சல்லிவன், பால்மிசானோ என்ற இருவரும், 1980-ல் அண்டார்டிகாவின் மக்மர்டோ ஜலசந்தியில் எடுத்த பனித்தூண்களை ஆராய்ந்து 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே குடைந்த குழாயைப் பனியில் திருகி இறக்கி, கரும்புத் துண்டு போல் ஒரு பனித்தூணை வெளியே எடுப்பது இதற்கான முறை. குச்சி வடிவம், உருண்டை வடிவம், நீண்ட இழை, காம்பு முளைத்தவை என்று பலதரப்பட்ட பாக்டீரியாக்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை தன்னிச்சையாகத் திரிபவை. மற்றவை பாசியின் உடம்பிலோ அழுகிய துணுக்குகளிலோ ஒட்டிக்கொண்டிருப்பவை. நீரில் மிதக்கும் பாக்டீரியாக்களை விட இவை பருத்தும் இருந்தன. பட்டினி கிடப்பவை இப்படிப் பருக்காது. பனிக்குள் சிறைப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கும் கூட்டம் அல்ல, நன்றாகச் சாப்பிட்டு வளரும் கூட்டம் இது என்பது புலனாயிற்று.

இந்த ஆராய்ச்சியில் ஒரு கஷ்டம் உண்டு. பனித்துண்டை மேஜைமேல் வைத்து உருகவிட்டால் எல்லாம் கெட்டது. உருகிய பனி பெரும்பாலும் நல்ல தண்ணீர். நாலு மடங்கு உப்பில் இருந்த பாக்டீரியாவின் உடம்புக்குள் அந்தத் தண்ணீர் திடீரென்று புகுந்தால், ஊறிய பட்டாணி தோல் வெடிப்பது போல அது வெடித்துவிடும். அதனால் சுத்தமாக வடிகட்டிய கடல் நீரைச் சேர்த்து, குளிர் அறையில் மெள்ள உருக்குகிறார்கள். பிறகு 4 டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு ராத்திரியில் முளைத்து நிற்கும் சாதாரணப் பாக்டீரியாவைப் பார்த்துப் பழகிய ஆராய்ச்சி மாணவனுக்கு இது பொறுமைச் சோதனைதான். ஆனாலும் இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. சாதாரணக் கடல் நீரில் உள்ள பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கண்ணாடித் தட்டில் வளர்வதில்லை. கடற்பனியிலிருந்து வருபவை அதைவிட எவ்வளவோ அதிகமாக வளர்ந்து கொடுக்கின்றன.

தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும்

இவை எப்படி உறையாமல் பிழைக்கின்றன? டில்லியில் ஒரு குளிர்காலம் கழித்த தமிழ்க் குடும்பத்துக்குப் பாதி விடை ஏற்கனவே தெரியும். டிசம்பர் பிறந்தால் குளியலறையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாகிவிடும். வெயிலில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். பக்கத்திலேயே சமையலறையில் நல்லெண்ணெய் சிவனே என்று திரவமாக இருக்கும். தேங்காய் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் நேராக இருப்பவை. விறகுக்கட்டு போல நெருக்கமாக அடுக்கிக்கொண்டு இறுகிவிடும். நல்லெண்ணெயில் உள்ளவை நடுவில் வளைந்தவை. அடுக்க முடியாது, ஆகவே இறுகாது.

பாக்டீரியாவின் உடம்பைச் சுற்றியுள்ள சவ்வும் இப்படிப்பட்ட கொழுப்பால் ஆனதுதான். சாதாரணப் பாக்டீரியாவைத் துருவத்துக்குக் கொண்டுபோனால் அதன் சவ்வு தேங்காய் எண்ணெய் போல் இறுகி, உணவு உள்ளே போகாமல், கழிவு வெளியே வராமல் நின்றுவிடும். கடற்பனிப் பாக்டீரியா, நல்லெண்ணெய் வழியைப் பின்பற்றி, வளைந்த கொழுப்புகளால் சவ்வைக் கட்டுகிறது. அண்டார்டிகப் பனியில் வாழும் சைக்ரோபிளெக்ஸஸ் டார்க்விஸ் என்ற ஒன்று, மீன் எண்ணெயில் இருப்பது போன்ற பல வளைவுள்ள கொழுப்புகளையே தயாரிக்கிறது.

கவசங்கள் இன்னும் உண்டு. பல இனங்கள் தங்களைச் சுற்றி வெண்டைக்காய் வழுவழுப்பு போன்ற ஒரு கூழைச் சுரந்துகொள்கின்றன. அது படிகத்தின் கூர்முனை குத்தாமல் காப்பதோடு, சந்துகளில் கரைசல் வடிந்துவிடாமலும் தடுக்கிறது. வேறு சில, பனிப் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அதை மேலும் வளரவிடாத புரதங்களை வெளிவிடுகின்றன. குடியிருப்பவரே வீட்டின் சுவரைச் செதுக்கிக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம்.

குளிரில் வாழ்வதென்பது இங்கே குளிரைச் சகிப்பது அல்ல. குளிர் இல்லாவிட்டால் இவை சாகும். 15 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ நன்றாக வளர்ந்து, 20 டிகிரிக்கு மேல் வளரவே முடியாதவையே உண்மையான 'குளிர் விரும்பிகள்' என்று மொரிட்டா என்ற விஞ்ஞானி 1975-ல் வரையறுத்தார். அண்டார்டிகக் கடலில் கிடைத்த போலரோமோனாஸ் வாக்குவோலாட்டாவுக்கு 4 டிகிரிதான் சுகம். 12 டிகிரி தாண்டினால் வளர்ச்சி இல்லை. நம் ஊர்களில் மார்கழிக் குளிர்கூட அதற்குக் கொடிய அக்னி நட்சத்திரம்.

மறுகோடியில் இருப்பது அலாஸ்காவின் பாயின்ட் பாரோ அருகே கடற்பனியில் கண்டெடுத்த சைக்ரோமோனாஸ் இங்ரஹாமி. மைனஸ் 12 டிகிரியில் இது வளர்ந்து இரண்டாகப் பிரிகிறது. அவசரமில்லாமல்தான் பிரிகிறது: ஒரு தடவைக்குப் பத்து நாள். நம் குடலில் வாழும் ஈ.கோலி, வசதியிருந்தால் இருபது நிமிஷத்தில் இதை முடித்துவிடும். அதே பாரோ பகுதிக் குளிர்காலப் பனியில், மைனஸ் 20 டிகிரியிலும் பாக்டீரியாக்கள் இயங்கிக்கொண்டிருப்பதை ஜுங்கே, ஐக்கன், டெமிங் ஆகியோர் 2004-ல் காட்டினார்கள்.

இரு கோடியில் ஒரே குலம்

இங்கேதான் பெரிய புதிர் வருகிறது. வட துருவத்துக்கும் தென் துருவத்துக்கும் நடுவே இருபதாயிரம் கிலோமீட்டர். இடையில் வெந்நீர் போன்ற வெப்ப மண்டலக் கடல். 12 டிகிரியில் வளர்ச்சி நின்றுவிடும் உயிர் அதைத் தாண்ட முடியாது. அப்படியானால் இரண்டு துருவங்களின் பனியிலும் முற்றிலும் வேறு வேறு பாக்டீரியாக்கள் அல்லவா இருக்க வேண்டும்?

வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸ்டேலியும் கோசிங்கும் இரு துருவப் பனியிலிருந்தும் பாக்டீரியாக்களைப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அண்டார்டிகப் பனியில் ஓர் இனம் கிடைத்தது. ஆர்க்டிக் பனியில் அதைப் போலவே ஒன்று. உடம்பில் 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு மிகுந்திருந்ததால் 'பதினெட்டு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் 1997-ல் ஆக்டடெகாபாக்டர் என்று குலப் பெயர் வைத்தார்கள். ஒன்று ஆக்டடெகாபாக்டர் ஆர்க்டிகஸ், மற்றது ஆக்டடெகாபாக்டர் அண்டார்டிகஸ். இனம் காண உதவும் மரபணு ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஒற்றுமை. முழு டி.என்.ஏ.-வையும் ஒப்பிட்டால் வெவ்வேறு இனம் என்பது தெரிந்துவிடுகிறது. பங்காளிகள், ஆனால் என்றோ பாகம் பிரித்துக்கொண்டு போனவர்கள்.

போலாரிபாக்டர் குலத்திலும் இதே கதைதான். இரு துருவத்திலும் குலம் உண்டு, இனம் வேறு. 1999-ல் எழுதிய கட்டுரையில், அதுவரை பெயரிட்ட கடற்பனி இனங்களில் ஒன்றுகூட இரண்டு துருவத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அவ்விருவரும் கூறினார்கள். பின்னர் தட்டில் வளர்க்காமல் நேரே டி.என்.ஏ.-வைப் படிக்கும் முறை வந்தது. அதிலும், இரு துருவங்களிலும் பெரிய குலங்கள் ஒன்றே என்பது திரும்பத் திரும்ப உறுதியாயிற்று.

எப்படிப் போயிருக்கும்? ஒரு வழி, கடலின் ஆழம். மேலே எவ்வளவு வெப்பமாயிருந்தாலும் ஆழ்கடல் எங்கும் குளிர்தான். சென்னைக் கடற்கரையில் கால் சுடும் நாளிலும், வங்காள விரிகுடாவில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் சுமார் 2 டிகிரியில் இருக்கிறது. அந்தத் தண்ணீரின் பூர்வீகம் அண்டார்டிகாவேதான்; அங்கே குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கி, ஊர்ந்து வந்தது. இப்படி உலகக் கடல்களைச் சுற்ற அதற்கு ஆயிரம் ஆண்டு கணக்கில் ஆகும். பத்து நாளுக்கு ஒரு தடவை பிரியும் உயிருக்கு ஆயிரம் ஆண்டு ஒரு பெரிய பிரயாணமில்லை என்று வைத்துக்கொண்டாலும், நிரூபணமான வழி என்று இதை இன்னும் சொல்ல முடியாது.

ஹைதராபாத்தில் பெயர் சூட்டு

இந்த ஆராய்ச்சியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. டாக்டர் காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு 1981 டிசம்பர் 6-ந் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9-ந் தேதி அண்டார்டிகாவில் கால் வைத்தது. காசிம் கடல் உயிரியல் நிபுணர். அடுத்து வந்த ஆண்டுகளில் தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என்று நிலையங்கள் எழுந்தன. ஆர்க்டிக்கில் 2008-ல் ஹிமாத்ரி தொடங்கியது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் விஞ்ஞானி சிவாஜியின் குழு, துருவப் பாக்டீரியாக்களில் பல புது இனங்களை இனங்கண்டு பெயர் சூட்டியது. அண்டார்டிகாவின் அடேலி கரையை ஒட்டி உறைந்த கடற்பனியிலிருந்து பிரித்த ஒன்றுக்கு 2003-ல் ஹாலோமோனாஸ் கிளேஸியி என்று பெயரிட்டார்கள். முதற்பாதிக்கு உப்பு, பிற்பாதிக்குப் பனி என்று பொருள். கடற்பனியின் கதை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

வீடு கரைகிறது

இதனால் சோற்றுக்கு வழி உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். குளிர்ந்த தண்ணீரிலேயே அழுக்கை நீக்கும் சலவைத்தூளுக்குக் குளிரில் வேலை செய்யும் என்ஸைம்கள் வேண்டும். குளிர் விரும்பிகளிடம் அவை இருக்கின்றன. அதைவிட முக்கியம் கடலின் சாப்பாட்டுக் கணக்கு. பனியடியில் வளரும் பாசியைக் கிரில் என்னும் இறால் போன்ற உயிர்கள் மேய்கின்றன. கிரிலைத் தின்று திமிங்கிலமும் பெங்குவினும் வாழ்கின்றன. பாசிக்கு வேண்டிய உரச்சத்தை மக்கிய பொருளிலிருந்து மீட்டுத் தருவது பாக்டீரியா. பாசியிலிருந்து வரும் ஒரு கந்தகப் பொருளை வாயுவாக மாற்றி, மேகம் உருவாக உதவுவதும் பாக்டீரியா. நல்லதையே செய்கின்றன என்றும் சொல்ல முடியாது. பாதரசத்தை அதன் கொடிய விஷ வடிவத்துக்கு மாற்றக்கூடும் என்று கருதப்படும் பாக்டீரியா அண்டார்டிகக் கடற்பனியில் இருப்பதை 2016-ல் கண்டார்கள்.

இத்தனைக்கும் இருப்பிடமான பனி குறைந்து வருகிறது. ஆர்க்டிக்கில் 2012 செப்டம்பரில் கடற்பனியின் பரப்பு 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிற்று. அதாவது, ஏறக்குறைய ஓர் இந்தியா. 1979-ல் தொடங்கிய செயற்கைக்கோள் கணக்கில் அதற்குமுன் அவ்வளவு குறைந்ததில்லை. அண்டார்டிகாவில் குளிர்கால முடிவில் ஐந்து இந்தியாவுக்கு மேல் பனி பரவும்; கோடையில் பெரும்பகுதி கரையும். 2023 பிப்ரவரியில் அது 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. அந்த ஆண்டுக் குளிர்காலத்திலும் வழக்கமான அளவுக்குப் பரவவில்லை.

பரப்பைவிட வயதுதான் பாக்டீரியாவுக்கு முக்கியம். ஆர்க்டிக்கில் பல கோடைகளைத் தாண்டிப் பிழைக்கும் பழம்பனி ஒன்று உண்டு. 1980-களின் நடுவில் அங்கே குளிர்காலப் பனியில் மூன்றில் ஒரு பங்கு நாலு வயதுக்கு மேற்பட்டது. இப்போது அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பழம்பனியில் வாழும் பாக்டீரியாக் கூட்டம், பக்கத்துக் கடல் நீரில் இருப்பதிலிருந்து நன்றாகவே வேறுபட்டது என்று 2012-ல் ஜெஃப் போமனும் டெமிங்கும் சேர்ந்த குழு எழுதியது. பனி ஆண்டுதோறும் புதிதாக உறையும், கடலிலிருந்து புதுக் கூட்டம் ஏறிக்கொள்ளும், பயமில்லை என்பார் உண்டு. ஆனால் வருஷா வருஷம் இடித்துக் கட்டும் வீட்டில், பல வருஷம் ஊறிய குடித்தனங்கள் எப்படி அமையும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

இதை நேரில் தொடர்ந்து பார்க்கத்தான் 2019 அக்டோபரில் போலார்ஸ்டேர்ன் என்ற ஜெர்மன் கப்பல், வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் தன்னைச் சிக்கவைத்துக்கொண்டு, பனியோடு மிதந்து சென்றது. ஒரு கோடையைத் தாண்டிய பனி கலந்த தளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் முறைவைத்து வந்து, இருட்டிலும் பனிப்புயலிலும், மாதம் தவறாமல் பனித்தூண்களை வெட்டி எடுத்தார்கள். 2020 ஜூலை இறுதியில், கிரீன்லாந்துக்கு அப்பால், அந்தத் தளம் துண்டு துண்டாக உடைந்தது. அதற்கு முன்பே கூடாரங்களையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். கப்பல் மீண்டும் வடக்கே திரும்பி, வேறொரு பனித்தளத்தைத் தேடிப் போயிற்று.